புளிப்பு மாத்திரை

அக்கா வேலை முடிந்து படியேறி வரும் சத்தத்தை வைத்தே அன்று லாண்டரிக்கு எத்தனை கோட்டு வந்திருக்கும் என்று மாமா சொல்லிவிடுவார். மூன்று மாடி. எங்கும் நிற்காமல் வந்தால் சாதாரண நாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்து நின்று, அந்த வீட்டுக்காரம்மாவிடம் இல்லாத பேச்சை இழுத்துப் பேசிவிட்டு வந்தால், ஹோட்டலில் ஏதோ மாநாடு, துணி மலையாகக் குவிந்திருக்கிறது என்று அர்த்தம். "இன்னிக்கு எரநூறு" என்பார் மாமா, கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைக்காமல். அக்கா உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எரநூத்திப் பத்து" என்பாள்.

நான் எதிர் வீடு. முக்கில் இருக்கும் மருந்துக் கடையில் வேலை. எனக்கும் அவர்களுக்கும் ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. குடிவந்த அன்றே என்னைத் தம்பி என்று கூப்பிட்டாள், அதனால் அவள் அக்கா. அக்கா புருஷன் மாமா. அவ்வளவுதான் எங்கள் சொந்தம். ஆனால் இரண்டு கதவும் எதிரெதிரே எப்போதும் திறந்தே கிடக்கும். அவர்கள் வீட்டில் குழம்பு கொதித்தால் எனக்குப் பசிக்கும்.

மாமா தண்ணீர் மோட்டார் மெக்கானிக். அவர்களுடைய முன்னறை பாதி பட்டறை. செம்புக் கம்பிச் சுருள்கள், பேரிங்குகள், பிரித்துப் போட்ட மோட்டார்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய கிரீஸ் வாசனை. எந்தக் கட்டிடத்தில் தண்ணீர் மேலே ஏறவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே குழாயில் காதை வைத்துக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்வார். மனிதர் வாயும் சும்மா இருக்காது. ஊரிலிருக்கும் தண்ணீரெல்லாம் தன் சொல்பேச்சுக் கேட்கிறது, வீட்டில் இருக்கிற ஒருத்தி மட்டும்தான் கேட்பதில்லை என்பார்.

அக்கா பதினாறு வருஷமாக ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் பிரஸ் மெஷினில் நிற்கிறாள். கோட்டை மேடைமேல் விரித்து வலது காலால் மிதியை அமுக்கினால் சூடான மேல்தட்டு இறங்கும். பக்கத்து மிதியைத் தொட்டால் நீராவி சீறும். பிறகு விட வேண்டும், கோட்டைத் திருப்ப வேண்டும், மறுபடியும் அமுக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு ஏழெட்டு மிதி. வலது கால் மிதிக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் நிற்கும். அந்த இடது கால்தான் அவளுக்குக் கெட்ட கால்.

மகள் பிறந்த பத்தாம் நாள் அந்தக் கால் தொடைவரை வீங்கியது. ஏதோ ஊசி போட்டு வீக்கம் வடிந்தது. ஆனால் அன்றிலிருந்து இடது கால் வலது காலைவிட ஒரு சுற்றுப் பெரிது. கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பேறி, மரப்பட்டைபோல இறுகியிருக்கும். அந்த மகள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு பேர் உழைத்தால்தான் ஓடுகிற வீடு.

துணி தள்ளிக்கொண்டு போகும் இரும்பு வண்டியின் மூலை ஒருநாள் அந்தக் கணுக்காலின் உள்பக்கம் இடித்தது. பயறளவு காயம். அக்கா அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அது ஒரு மாதத்தில் நாணயம் அளவானது, இரண்டு மாதத்தில் பாதி உள்ளங்கை அளவானது. யாருக்கும் சொல்லாமல் மாமாவின் பழைய நீளக் காலுறையை அதன்மேல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். லாண்டரியில் மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாடை வருகிறதென்று யாரும் சொல்வதற்கு முன்பே தன் டப்பாவை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஒருநாள் துவைக்கப் போட்ட காலுறையை மாமா எடுத்துப் பார்த்தார். மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து விறைத்திருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் சொல்வது புரியும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பொறுமைசாலி. காலைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி, ஒரு காகிதத்தில் கால் வரைந்து விளக்கினார். காலுக்கு வந்த ரத்தம் திரும்ப மேலே போக வேண்டும். போகிற வழியில் கீழே இறங்கிவிடாமல் இருக்க ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. பிரசவத்தின்போது ரத்தம் கட்டி அடைத்ததில் அந்தக் கதவுகள் கெட்டுவிட்டன. ஏறுகிற ரத்தம் திரும்ப இறங்கி, கீழேயே தேங்குகிறது. தேங்கிய இடத்தில் தோல் நைந்துபோகும், பட்ட காயம் ஆறாது.

மாமா காகிதத்தின்மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஃபுட் வால்வு" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கிணற்றுக்குள் குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும், ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் அதுதான் பிடித்துக்கொள்ளும், அது போய்விட்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் வீண் என்று மாமா விளக்கினார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். அதேதான், இத்தனை வருஷமாக இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் படம் வரைந்துகொண்டிருந்தேன் என்றார்.

"அப்ப மாத்திரலாமே" என்றார் மாமா. அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் இருந்த தெம்பை நான் மறக்க மாட்டேன். தினம் இரண்டு வால்வாவது மாற்றுகிறவர்.

"மேல இருக்கிற நரம்பா இருந்தா ஏதாவது செய்யலாம். இது ஆழத்துல. மாத்த முடியாதுங்க."

மூன்று காரியம் சொன்னார். காலையில் எழுந்ததும் பாதத்திலிருந்து முழங்கால்வரை இறுக்கமாகக் கட்டுத்துணி சுற்ற வேண்டும். முடிந்தபோதெல்லாம் படுத்துக் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். நிற்கக் கூடாது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"லாண்டரிங்க. பிரஸ் மெஷின்."

"உக்காந்து பாக்கிற வேலையா?"

அக்கா சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பழம், காய் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். காலையில் ராத்திரி மிச்சம், மதியம் அதே மிச்சம். சீட்டின் கடைசியில் வைட்டமின் சி என்று எழுதினார். தினம் ஒன்று, ஒரு மாதத்துக்கு.

"புண்ணு மூடுறதுக்கு உடம்புக்கு இது வேணும். உங்களுக்குக் குறைவா இருக்கிற மாதிரி தெரியுது, அதை நிரப்பிக்கலாம். அதுக்காக ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு ஆறும்னு இல்ல."

மாமா முதல் பாதியைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் கடையில் அது ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடும் வட்ட மாத்திரை. அன்றிலிருந்து காலையில் அக்கா கிளம்பும்போது மாமா ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அவள் அதை வாயில் போட்டு, புளிப்பில் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே கட்டிய காலோடு படியிறங்குவாள். கட்டை அவளே சுற்றிக்கொண்டாள், அவர் சுற்றினால் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதுபோல இருந்ததாம். புண்ணைக் கழுவி மருந்து வைப்பது ஆஸ்பத்திரி நர்ஸ். நிற்காமல் இருப்பது யார் கையிலும் இல்லை. மிச்சமிருந்த அந்த ஒரு மாத்திரைதான் மாமாவுக்கு வாய்த்தது.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் லாண்டரியில் பாய்லரைச் சோதிக்க வந்தவர்கள் அதை மூடி சீல் வைத்துவிட்டார்கள். எங்கோ வெடிப்பு. புதிதாகப் பற்றவைத்துச் சான்று வாங்கும்வரை துணியெல்லாம் வெளியே போனது. அக்காவுக்கு இருபத்துநாலு நாள் வேலை இல்லை. முதல் இரண்டு நாள் வீட்டைக் கழுவினாள். மூன்றாம் நாள் மாமா அவளைப் பிடித்துப் படுக்கவைத்து, தன் கருவிப் பெட்டியின்மேல் இரண்டு தலையணை போட்டு அதன்மேல் அவள் காலைத் தூக்கி வைத்தார். பெட்டியிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் காலைத் தூக்கு என்பார். அவள் தூக்குவாள். அவர் எடுத்துக்கொள்வார். மறுபடி வைப்பாள்.

வாரத்துக்கு இரண்டு முறை நர்ஸ் காகித நாடாவால் புண்ணை அளந்தார். ஐந்து சென்டிமீட்டர் நாலானது. நாலு மூன்றானது. கடைசி வாரம் ஒன்றரை. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் உள்ளே நகர்ந்து வந்தது. மாமா ஒவ்வோர் அளவையும் மோட்டார் அட்டைப் பெட்டியில் தேதியோடு எழுதிவைத்தார். தெருவில் யாருக்கு எங்கே வலித்தாலும் வைட்டமின் சி போடு என்று சொல்ல ஆரம்பித்தார். கடைக்கு வந்து, தலைவலி மாத்திரை வாங்க நின்றவரிடம்கூட, ஆரஞ்சு மாத்திரையைக் காட்டி இதை வாங்கு என்றார். என் முதலாளி அவருக்குச் சம்பளம் தரலாமா என்று என்னைக் கேட்டார்.

நர்ஸ் மட்டும் அதைக் கேட்டுவிட்டு, "காக்கா உக்காந்துச்சு, பழம் விழுந்துச்சு" என்றார். "இவங்க உக்காந்தாங்க, கால் ஆறுது. இத எழுதுங்க உங்க அட்டையில."

மாமா எழுதவில்லை.

நர்ஸ் சொன்னது அக்காவுக்கும் தெரிந்திருந்தது. ஒரு மதியம் நான் சாப்பிட வந்தபோது கதவுக்கு நேரே படுத்திருந்தாள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறதுபோல என்றேன், பேச்சுக்கு.

"மாத்திரையோ, பாய்லரோ. எது செஞ்சாலும் சரி. மத்தியானத்துல இந்த ரூமுக்குள்ள வெயில் எங்க வந்து விழும்னு இப்பத்தான் தம்பி எனக்குத் தெரியும். பதினாறு வருஷமா இந்த வீட்டுக்கு மத்தியானமே இருந்ததில்ல" என்றாள்.

பாய்லர் வந்தது. கிடப்பில் கிடந்த திரை, மேசைவிரிப்பு எல்லாம் சேர்ந்து, முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தது. நீராவிச் சூட்டில் கட்டுத்துணிக்குள் வேர்த்து அரித்துத் தாங்காமல், மதியத்துக்கு மேல் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். பத்தாம் நாள் புதுத் தோல் நடுவில் வெடித்தது. நர்ஸின் நாடா இரண்டு என்றது. அடுத்த முறை மூன்று.

மாமா கடைக்கு வந்தார். ஒன்று பத்தவில்லை போலிருக்கிறது, இரண்டாகக் கொடுக்கலாமா என்று கேட்டார். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றேன். இரண்டு அட்டை வாங்கிப் போனார். மூன்று வாரம் போனபோது, தினம் ஒன்று என்றால் இருபது நாளுக்கு வர வேண்டிய அட்டை ஐந்து நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா. ஒருமுறை, மாமா இது வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். அவர் போய் எதிர்த் தெருக் கடையில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் வந்தபோது நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எங்கேயோ வாங்குவதற்கு நம் கடையிலேயே வாங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புளிப்பு மாத்திரைதானே, உடம்புக்கு வேண்டாதது வெளியே போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை போதாதென்று பழமும் வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து இரண்டு வேளை. ஆரஞ்சு உரித்து நாரெல்லாம் எடுத்துத் தட்டில் அடுக்கிவைப்பார். அந்தக் கிரீஸ் ஏறிய விரல்களால் ஒரு சுளையில்கூடக் கறை படாமல் உரிப்பார். அக்கா நெஞ்செரிகிறது என்று என்னிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது என்றாள்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். அம்மாவுக்குக் கால் புண் எப்படி ஆரம்பித்தது என்று ஒருநாள் துருவித் துருவிக் கேட்டாள். வண்டி இடித்தது என்று அக்கா சொன்னாள். அதற்கு முன்னால் இருந்தே வீக்கம் உண்டே என்றாள் மகள். மாமா வாயைத் திறக்கப் போனார். அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். மாடிச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பிரசவத்தில் வந்தது என்று தெரிந்தால் பிள்ளை தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாளாம், அதனால் சொல்லக் கூடாதாம் என்றார். பிறகு தன் பாட்டுக்கு, "யாராலன்னு வச்சுக்கறது, சொல்லு" என்றார்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு லாண்டரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. மாமாவின் போன் கிடைக்கவில்லையாம். எங்கோ ஒரு கிணற்றுக்குள் இறங்கியிருந்தார். மெஷினின் மேல்தட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாளாம். ஹோட்டல் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போனபோது கட்டிலில் நிற்காமல் புரண்டுகொண்டிருந்தாள். வலி முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்குகிறது என்றாள். பிள்ளை பெற்ற வலி இதற்குத் தேவலை என்றாள். ஊசி போட்டு, படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கல்.

மாமா ஈரத் துணியோடு ஓடி வந்தார். முழங்கைவரை சேறு. கேள்வி கேட்டது வயதில் சின்ன டாக்டர்.

"இவங்க வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

மாமா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். எப்போதும் அவர் பையில் ஒன்று இருக்கும்.

"தினம் எத்தனை?"

"ஆறு."

"ஆறா? யார் எழுதிக் குடுத்தது?"

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். என் கடைப் பெயர் அச்சிட்ட சின்னக் காகிதப் பை அந்த அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருமில்லைங்க. நானாத்தான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இவ்வளவு போட்டால் சிலருக்குக் கல் சேரும் என்றார். இதனால் மட்டும் என்றும் சொல்ல முடியாது, சூட்டில் வேலை பார்த்துக்கொண்டு தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கிறதே என்று அக்காவைக் கேட்டார். கழிப்பறை இரண்டு மாடி மேலே, போய்வந்தால் கால் தாங்காது, அதனால் காலையிலிருந்து குடிக்க மாட்டேன் என்றாள் அக்கா. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் காலைப் பார்த்தார். கல் தானாக இறங்கிவிடும், நிறையத் தண்ணீர் குடியுங்கள், அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். சேறு காய்ந்து கையிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். என்னை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது.

"மாமா, நான் குடுத்திருக்கக் கூடாது."

"நீ வித்த. நான்தானே கையில வச்சு ஊட்டினேன்" என்றார். "கண்ணைச் சுருக்கிட்டு முழுங்குவா. ஒரு நாளாவது வேணாம்னு சொன்னாளா பாரு."

கல் நாலாம் நாள் விழுந்தது. ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். அந்த வாரம் மாமா மோட்டார் வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைத்து, ஒரு பெரிய பேரிங்கைப் பதித்து, சுழலும் உயரமான ஸ்டூல் ஒன்று செய்தார். பிரஸ் மெஷினின் மேடை எவ்வளவு உயரம், மிதி தரையிலிருந்து எவ்வளவு என்று அக்காவைக் கேட்டுக் கேட்டு அளவு குறித்திருந்தார். பஞ்சு வைத்து ரெக்சின் தைத்தார். உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து லாண்டரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அப்போதுதான் முதல்முறையாக அந்த இடத்தைப் பார்த்தேன். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீண்ட கூடம். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வரிசையாக ஆறு மெஷின், ஐந்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் நரைத்த மனிதர், கையில் துண்டு. மாமா விஷயத்தைச் சொன்னதும் மறுக்கவில்லை. காலியாக இருந்த அக்காவின் மெஷினைக் காட்டி, போட்டுத்தான் பாருங்களேன் என்றார்.

மாமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கோட்டை விரித்துக் கொடுத்தார்கள். மிதியை அமுக்கினார். மேல்தட்டு இறங்கியது, ஆனால் பூட்டவில்லை. பாதத்தை முன்னால் தள்ளி, பல்லைக் கடித்து மறுபடி அமுக்கினார். உட்கார்ந்த உடம்பின் பாரம் ஸ்டூலில் இருந்தது, காலுக்கு வரவில்லை. கோட்டில் சுருக்கம் அப்படியே இருந்தது. ஸ்டூலை ஓர் அங்குலம் நகர்த்தினார், இன்னும் ஓர் அங்குலம். பக்கத்து மெஷின் பெண்கள் பார்க்காததுபோலப் பார்த்தார்கள்.

மிதிக்கு ஒரு நெம்புகோல் வைத்து நீட்டினால் பாரம் பாதியாகிவிடும், ஒரு மணி நேர வேலை என்றார் மாமா. மெஷினில் கை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை என்றார் சூப்பர்வைசர். பிறகு சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கையிலிருந்து தோள்வரை தோல் உருகி இறுகியிருந்தது.

"சில நேரம் ஆவி பக்கவாட்டுல அடிக்கும். நின்னா ஒரு எட்டுல விலகிரலாம். நான் அன்னிக்கு உக்காந்து பொத்தான் பொறுக்கிட்டு இருந்தேன்."

மாமா எழுந்துகொண்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றுமே இல்லையா என்று நான்தான் கேட்டேன். துணி மடிக்கிற மேசை இருக்கிறது, அங்கே இரண்டு பேர் உட்காரலாம் என்றார். கை காட்டினார். ஒருத்தி நிறைமாதம். இன்னொருத்தி முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவள். "இதுல யாரை எழுப்ப, நீங்களே சொல்லுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எங்களைக் கேட்பதுபோல நின்றார்.

ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மதியம் சாப்பிடும்போதாவது உட்காரட்டும் என்றார் மாமா. அதன்மேல் இப்போது கோட்டுகளைக் குவித்துவைக்கிறார்கள் என்று பின்னால் அக்கா சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வேறு வேலை தேடாமல் இல்லை. இரண்டு வீட்டில் சமையல் கேட்டார்கள், அதுவும் நிற்கிற வேலை. ஒரு கடையில் உட்கார்ந்து பில் போட ஆள் கேட்டார்கள், கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்றார்கள். புண் நாலு சென்டிமீட்டருக்கு வந்து அங்கேயே நின்றது. பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. நர்ஸ் அளந்துவிட்டு, போன தடவை எழுதிய எண்ணுக்குக் கீழேயே அதே எண்ணை எழுதினார்.

மாமா பேச்சைக் குறைத்துவிட்டார். மோட்டார் வேலைக்குப் போவார், வருவார். இன்று எத்தனை கோட்டு என்று சொல்வதில்லை. எதைச் செய்தாலும் அவளுக்குக் கெடுதலாக முடியுமோ என்று பயந்தவர்போல, அவள் பக்கத்திலேயே போகாமல் பட்டறை மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் கேட்டால்கூட, செம்பைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்.

ஒருநாள் மாலை, வேலையிலிருந்து திரும்பும் வழியில் அக்கா கடைக்கு வந்தாள். அவளாக எதுவும் வாங்க வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள். உட்காருங்கள் என்று என் நாற்காலியைத் தள்ளினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டம் என்றாள்.

"தம்பி, ஒரு மருந்து வேணும்."

"கால் வலிக்குதாக்கா?"

"அது கெடக்கு. உங்க மாமாவுக்குத்தான் கேக்கறேன். காலைல நான் கெளம்பறப்ப அந்த மனுஷன் கதவுகிட்ட வந்து நிக்கறாரு. ஒண்ணும் பேசறதில்ல. கைய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம நிக்கறாரு. எனக்கு அவர் கையால குடுக்கிற மாதிரி ஏதாவது குடு. அது எனக்கு நல்லது செய்யணும்னு இல்ல. கெடுதல் செய்யாம இருந்தா சரி."

பன்னிரண்டு வருஷமாக அந்த அலமாரிகளுக்கு நடுவில் நிற்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மருந்து எந்தத் தட்டில் என்று கை வைத்து எடுப்பேன். அன்று மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். காய்ச்சலுக்கு இருந்தது, இருமலுக்கு இருந்தது, தூக்கத்துக்கு இருந்தது. அவள் கேட்டதற்கு எந்தத் தட்டில் கை வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் வெறும் வாசலின் டப்பா ஒன்றை எடுத்தேன். புண்ணைச் சுற்றித் தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஏதாவது தடவலாம் என்று நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தார்.

"சாயந்தரம் கட்டை அவுத்தப்புறம் புண்ணுல படாம, சுத்தி, முழங்கால் வரைக்கும் தடவணும்க்கா. அழுத்தாம மெதுவா. நீங்க படுத்துக்கணும், காலை அவர் மடியில தூக்கி வச்சுக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம்."

டப்பாவில் அப்படியெல்லாம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ வந்து சொல்லு" என்றாள்.

கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு அவளோடு வீட்டுக்குப் போனேன். மாமா மூலையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் காட்டி, எந்த நாளும் இல்லாத கறாரான குரலில், அளவும் நேரமும் சொன்னேன். இது கூடினால் கெடுதல் வருமா என்று கேட்டார். எவ்வளவு கூடினாலும் வராது என்றேன். நிஜமாகவா என்று இன்னொரு முறை கேட்டார். எழுந்து போய் மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்தார், சோப்புப் போட்டுக் கழுவினார், நகக்கண்ணில் இருந்த கறுப்பை ஒரு குச்சியால் எடுத்தார், மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார்.

அக்கா கட்டை அவிழ்த்துவிட்டுப் பாயில் படுத்தாள். கட்டுத்துணியின் வரி காலெல்லாம் சுற்றிச் சுற்றிப் பதிந்திருந்தது. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தி மடிமேல் வைத்துக்கொண்டார். விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்து, முழங்காலுக்குக் கீழிருந்து தடவ ஆரம்பித்தார். புண்ணுக்குப் பக்கத்தில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

"தம்பி" என்று கூப்பிட்டார். தலையைத் தூக்கவில்லை. கை நிற்கவில்லை. "இதுல ஆறிருமா?"

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"தடவுங்க மாமா" என்றேன்.